ஏகேபிகே போய் வந்த அனுபவம், கார்டு கடன்ல இருக்கறவங்க படிங்க

கார்டு கடன் கழுத்த நெரிக்குதுன்னா நேரா ஏகேபிகே-க்கு போங்க, நடுவுல யாரையும் விடாதீங்க. மலேசியாவோட மத்திய வங்கி பேங்க் நெகாரா 2006-ல ஆரம்பிச்ச கடன் ஆலோசனை ஏஜென்சி, பேங்க்குங்ககிட்ட பேசி கடன கட்டி முடிக்க ஒரு திட்டம் போட்டு தருவாங்க, ஒரு சென் கூட வாங்க மாட்டாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்னு போச்சு, 4 கார்டு, மொத்தம் 43,000 வெள்ளி (ரிங்கிட்). மினிமம் 5 பர்சன்ட் கட்டினாலே மாசம் 2,150 வெள்ளி போயிடும், கட்டி முடிச்சா கையில ஒன்னும் இருக்காது, அப்புறம் அதே கார்ட தேய்ச்சு அரிசி, பால் மாவு, ஸ்கூல் பஸ்னு ஓட்டுவோம், வட்டி வருஷத்துக்கு 18 பர்சன்ட் ஏறிக்கிட்டே இருக்கும். இதுல ஒரு ஏஜெண்ட் வந்து 1,500 வெள்ளி குடுங்க, நானே ஏகேபிகே-ல பேசி சிசிரிஸ்ஸ (பேங்க்குங்க பாக்கற நம்ம கடன் ரெக்கார்ட்) கிளீன் பண்ணி தரேன்னு சொல்லி 500 முன்பணம் வாங்கிட்டு போனவன்தான், போன எடுக்கவே இல்ல. ஏகேபிகே ஏஜெண்ட்னு யாரையும் வைக்கல, தயவு செஞ்சு ஏமாறாதீங்க.

நான் பிரிக்காமலே வச்சிருந்த பேங்க் கடுதாசி எல்லாத்தையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போனேன். ஆபீசர் ஒரு தமிழ் பொண்ணு. ஒவ்வொன்னா பிரிச்சு, பேங்க் வாரியா மேசையில அடுக்கி, பென்சில்ல தொகைய எழுதிக்கிட்டே வந்துச்சு, ஏன் இவ்வளவு நாள் விட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. வீட்டு செலவு எழுதறப்ப அம்மாவுக்கு மாசம் குடுக்கற 200 வெள்ளிய நான் விட்டுட்டேன், "அதையும் எழுதுங்கக்கா, குடுக்கறத நிறுத்திட முடியாதில்ல, நிஜ கணக்கு போட்டாதான் கடைசி வரைக்கும் கட்ட முடியும்"னு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

இப்ப ஏகேபிகே போட்டு குடுத்த திட்டத்துல நாலு கார்டும் சேர்ந்து ஒரே கட்டா மாசம் 750 சொச்சம், 6 வருஷம். வட்டிய குறைச்சிருக்காங்க.

குறைன்னு பாத்தா, பேங்க்குங்க பதில் சொல்ற வரைக்கும் சில வாரம் ஆச்சு, அதுவரைக்கும் கலெக்ஷன் கால் நிக்கல, ஒரு பேங்க் ஆளு வீட்டுக்காரர் வேலை செய்ற இடத்துக்கே போன் அடிச்சு மானத்த வாங்கிட்டான். கார்டு எல்லாம் கேன்சல் ஆயிடும், திட்டம் முடியற வரைக்கும் புது லோன் எடுக்க முடியாது, சிசிரிஸ்லயும் ஏகேபிகே-ல இருக்கீங்கன்னு தெரியும். ஆலோங்கிட்ட, அதான் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரங்ககிட்ட, வாங்கின கடனுக்கு இது உதவாது. இன்னொன்னு ரொம்ப முக்கியம், வீட்டு செலவு போக கொஞ்சமாவது மிஞ்சினாதான் இந்த திட்டத்துல சேர முடியும், திவாலானவங்கள சேர்க்க மாட்டாங்க, அதனால சம்பளம் வந்துக்கிட்டு இருக்கறப்பவே போயிடுங்க, கோர்ட் கடுதாசி வர்ற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

ஐசி (அடையாள அட்டை), சம்பள ஸ்லிப், ஈபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட், தண்ணி கரண்ட் பில் எல்லாம் கையோட எடுத்துட்டு போங்க. அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு போறது நல்லது. நான் போனது கேஎல் ஜாலான் ராஜா லாவுட் ஆபீஸ், கிள்ளான்ல இருந்து கேடிஎம் ரயில் புடிச்சு பேங்க் நெகாரா ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிட்டேன்.