இலைப் படம் போட்ட கீரையும் 609 டாலர் பிரன்ச்சும்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, "அமெரிக்கச் சாப்பாடு எப்படி இருக்கும்னு காட்டுறேன் வாங்க" என்று கிளம்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். குறிப்பாக வீட்டில் சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் தடை. அதனால் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகருக்குள் இருக்கிற ஒரு சதர்ன், அதாவது அமெரிக்கத் தென் மாநிலச் சமையல் செய்கிற, உணவகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் அட்லாண்டாவின் புறநகரான ஜான்ஸ் க்ரீக் பக்கம். நானும் மனைவியும் எல்லாம் சாப்பிடுவோம். ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ், அதாவது சோளக் கஞ்சியோடு இறால், என்றால் எனக்கு உயிர். அம்மா திருநெல்வேலி சைவக் குடும்பம், முட்டை கூடத் தொட மாட்டார். அப்பா டாக்டர் சொன்னதால் முட்டை மட்டும் சாப்பிடுவார், அதுவும் அம்மா பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு. மே மாதம் இரண்டாவது ஞாயிறு இங்கே அன்னையர் தினம். அம்மாவை எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு வழக்கமான மெனு கிடையாது, தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்த பிரன்ச்தான், காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு. பெரியவர்களுக்கு 48 டாலர், பிள்ளைகளுக்கு 24. முன்பதிவு செய்யும்போதே தலைக்கு 25 டாலர் அட்வான்ஸ், ஆறு பேருக்கு 150. "பில்லில் கழித்துக்கொள்ளப்படும்" என்று உறுதிப்படுத்தும் மெயிலில் இருந்தது. அந்த மெயிலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

11:15-க்குப் பதிவு. உட்கார்ந்தது 12:25-க்கு. அட்லாண்டாவில் ஞாயிறு என்றால் சர்ச் முடிந்து வருகிற கூட்டம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஜூஸில் ஷாம்பெயின் கலந்த மிமோசா குடிக்க வருகிற கூட்டம் இன்னொரு பக்கம். 2018 வரை ஜார்ஜியாவில் ஞாயிற்றுக்கிழமை 12:30-க்கு முன்னால் ரெஸ்டாரன்ட்டில் மது ஊற்ற முடியாது. அந்த வருடம் சட்டத்தை மாற்றி, உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட ஊர்களில் 11 மணியாக்கினார்கள். வாசலில் வெயிலில் நின்ற எழுபது நிமிடமும், பதிவே இல்லாத கூட்டம் எங்களைத் தாண்டி பார் பக்கம் போய் உட்கார்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா இரண்டு முறை கேட்டார், "ஏம்ப்பா, துட்டு கட்டிட்டுத்தான நிக்கோம்?"

உள்ளே போனதும் எல்லாம் இனிமைதான். பரிமாற வந்த பெண் அம்மாவை "மேம்" என்றார், என் மகளை "ஸ்வீட்டி" என்றார், எல்லோரையும் சேர்த்து "யால்" என்றார். நல்ல பெண். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை.

அம்மா மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்மூரில் பாக்கெட் சாமானில் பச்சைப் புள்ளி தேடிப் பழகிய கண். இங்கே உணவகங்களில் அப்படி ஒரு குறி போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த மெனுவில் காலர்ட் க்ரீன்ஸ் என்ற கீரைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பச்சை இலைப் படம் இருந்தது. "இது நம்ம குறிதான?" என்றார் அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

இருந்தாலும் கேட்டேன். முதலில் வெண்டைக்காய். சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய், கம்போ என்ற தென் மாநிலக் குழம்பின் பெயரே அந்த ஊர் மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது என்று அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். "தனி எண்ணெயா?" என்று கேட்டதும் அந்தப் பெண் தயங்காமல், "இல்லை சார், சிக்கன் பொரிக்கிற அதே எண்ணெய்தான்" என்றார். வெண்டைக்காய் வேண்டாம் என்றோம். இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறாரே என்று அடுத்த பதிலை அரைக் காதில்தான் வாங்கினேன். "கீரையில் இறைச்சி ஏதாவது உண்டா?" "நோ சார், அதுல போர்க் கிடையாது, ஹனி."

இன்னொரு முறை படியுங்கள். நான் கேட்டது இறைச்சி. அவர் சொன்னது பன்றி. என் காதில் விழுந்தது "நோ" மட்டும்.

சாப்பாடு வந்தது. பிஸ்கட் என்றதும் டீயில் நனைக்கிற சமாசாரம் என்று நினைத்த அப்பாவுக்குக் கைப்பிடி பன் அளவில் மோரும் வெண்ணெயும் போட்டுச் சுட்ட ஒன்று வந்து நின்றது. அதன் மேல் ஊற்றுகிற வெள்ளைக் கிரேவியை நான் தடுத்துவிட்டேன், அது சாசேஜ் கொழுப்பில் மாவை வறுத்துப் பால் ஊற்றிச் செய்வது. கிரிட்ஸ் சோள ரவைக் கஞ்சிதான். பாலும் வெண்ணெயும் மட்டும் என்று உறுதி செய்துகொண்டு அம்மாவுக்கு வாங்கினேன். ஸ்வீட் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு அப்பா, "இது டீயா, பானகமா?" என்றார். எனக்கு வந்த சிக்கன் அண்ட் வாஃபிள்ஸில் கோழி பிரமாதம், வாஃபிள் நமுத்துப் போயிருந்தது.

கீரை மேசைக்குப் பொதுவாக ஒரு பெரிய கிண்ணத்தில் வந்தது. அம்மா கொஞ்சம் எடுத்து கிரிட்ஸோடு பிசைந்து சாப்பிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஒரு பொகை வாசம் அடிக்கு பாரு, வெறகடுப்புல வச்சு எறக்குன மாதிரி. உங்க ஆச்சி வைக்கிற கீரை இப்படித்தான் இருக்கும்." இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். அந்தப் புகை வாசம் எங்கிருந்து வருகிறது என்று பதினொரு வருடம் இந்த ஊரில் சாப்பிட்ட எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது. கிண்ணத்தின் அடியை முள்கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தவன், "தாத்தா, கீரைல எலும்பு இருக்கு!" என்று தூக்கிக் காட்டினான். தோலோடு ஒரு கழுத்தெலும்பு.

புகை போட்ட வான்கோழிக் கழுத்து. அதைப் போட்டு மணிக்கணக்காக வேகவைத்த கீரை. காலர்ட் க்ரீன்ஸின் கதையே அப்படித்தான். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு இறைச்சி என்று பெரும்பாலும் கிடைத்தது எஜமானர்கள் ஒதுக்கித் தள்ளிய பன்றிக்காலும் கொழுப்பும்தான். முரட்டுக் கீரையை அதோடு நெடுநேரம் கொதிக்கவிட்டு அமிர்தமாக்கினார்கள். அந்தச் சாற்றுக்குப் பாட் லிக்கர் என்று பெயர், சோள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். காராமணியும் அப்படித்தான் வேகும், பீன்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். உடம்புக்காகவும் மதத்துக்காகவும் பன்றியை விட்டவர்கள் பெருகியதில் பல சமையலறைகள் வான்கோழிக்கு மாறிவிட்டன. ஆக, இங்கே கீரையைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர் என்றால் பன்றி வேண்டாதவர் என்றே பரிமாறுகிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உணவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மேனேஜர் மேல்தான் குறை. "பன்றி இல்லைன்னு எங்க பொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கா" என்றார். அந்த இலைப் படம்? மெனுவின் பின்பக்கம் கடைசி வரியில், எறும்பு எழுத்தில், "இலை: ஜார்ஜியா பண்ணைகளில் விளைந்தது." கோழிக்குக் கூட அந்த இலை போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். 20 டாலர் கிஃப்ட் கார்டு ஒன்றை நீட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை கடைசி வரை வரவில்லை.

அம்மா எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார், எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "தெரியாமத் தின்னதுக்கு என்ன செய்ய. பிள்ளைகள சாப்பிடச் சொல்லு" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நிலையில் பில் வந்தது. வரிவரியாகப் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை; நீட்டிய மெஷினில் கார்டைச் செருகி, திரையில் வந்த 20, 22, 25 சதவீதத்தில் 20-ஐத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். இங்கே டிப்ஸ் வாங்கிப் பரிமாறுகிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அதே தொகைதான். மீதியை டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். அந்தக் குற்ற உணர்ச்சியில் நான் யோசிக்காமல் தொடுகிற பட்டன் அது.

வீட்டுக்கு வந்து ரசீதை விரித்தோம். சாப்பாடும் பானங்களும் 288 டாலர். இதில் பிள்ளைகளிடம் "இன்னும் கொஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றிய ஆரஞ்சு ஜூஸ் தம்ளருக்கு 7 டாலர் தனி. ஆறு பேர் என்பதால் தானாகவே சேர்த்த சர்வீஸ் சார்ஜ் 20 சதவீதம், 57.60. கிச்சன் ஃபீ என்று 4 சதவீதம், 11.52. வரி 8.9 சதவீதம், 25.63. ஆக 382.75. மெஷின் இந்தத் தொகை முழுவதற்கும் இன்னொரு 20 சதவீதம் போட்டு 76.55 எடுத்துக்கொண்டது. மொத்தம் 459.30. வரிக்கும் டிப்ஸ், டிப்ஸுக்கும் டிப்ஸ். முன்பே கட்டிய 150 கழிக்கப்படவே இல்லை. அதையும் சேர்த்தால் 609.30.

தானாகச் சேர்க்கிற அந்த 20 சதவீதம் சட்டப்படி டிப்ஸே அல்ல. நாம் விரும்பிக் கொடுப்பதுதான் டிப்ஸ். கட்டாயமாக வாங்குவது கடையின் வருமானம். அதில் பரிமாறியவருக்கு எவ்வளவு போகும் என்பது முதலாளி கையில். அந்தப் பெண் கைக்கு என்ன போனதோ.

திங்கள்கிழமை போன் செய்தேன், அட்வான்ஸ் "சிஸ்டத்தில் தெரியவில்லை" என்றார்கள். இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லை. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம், 1974-லிருந்து இருக்கிற சட்டம். உறுதிப்படுத்தும் மெயிலையும் ரசீதின் படத்தையும் இணைத்தேன். மூன்று வாரத்தில் 150 திரும்ப வந்தது. 76.55 வரவில்லை. "நீங்களே தொட்டீர்களே" என்றார்கள், உண்மைதான்.

இப்போது எந்த சதர்ன் கடையிலும் "இறைச்சி இருக்கா" என்று நான் கேட்பதில்லை. "எதில் வேகவைத்தீர்கள், எந்தக் கொழுப்பு, எந்தச் சாறு (ஸ்டாக்)" என்றுதான் கேட்கிறேன். தெரியாது என்றால் உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்கிறேன். வான்கோழி, கோழி, பன்றி, மாடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். பில் வந்தால் கார்டை எடுக்கும் முன் "கிராஜுவிட்டி" அல்லது "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்த்த தொகை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் திரையில் "கஸ்டம்" தொட்டு நீங்களே தொகை போடுங்கள். அட்வான்ஸ் கட்டியிருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

அம்மா அன்று ராத்திரி பால் மட்டும் குடித்தார். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "அந்தக் கீரை இங்க கடையில கிடைக்குமாடா?" என்றார். வாங்கி வந்தேன். கிள்ளிப் பார்த்து, "இது முத்தல், நாப்பது நிமிசமாவது வேகணும்" என்று தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டுக் கூட்டு வைத்தார். நன்றாக இருந்தது, புகை வாசம் மட்டும் இல்லை. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

20 டாலர் கிஃப்ட் கார்டு ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா பக்கம் இருக்கிற அசைவக்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.