கோகோவா, ஃப்ளோவா? அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க

"எல்லா வயதினரும் பார்க்கலாம்" என்று சொல்லி வரும் அனிமேஷன் படங்களில் வயது பெரிய சிக்கலே இல்லை. பாஷைதான் சிக்கல், அதுவும் எங்கள் பக்கத்து வீடுகளில். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டையே எடுங்கள். அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும். சுவிஸில் இருந்து லீவுக்கு வரும் தங்கச்சியின் பிள்ளைகளுக்கு டொச் (ஜெர்மன்) ஓடும், ஆங்கிலம் அரைகுறை. தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. என் மகன் தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். டிசம்பர் மழைக்கு வெளியே போக வழியில்லாமல் இத்தனை பேரும் ஒரே ஹோலில் பாய் போட்டு இருக்கும்போது எந்தப் படத்தைப் போடுவது?

கடைசியில் இரண்டு படங்கள் நின்றன. ஒன்று பிக்சாரின் கோகோ, 2017. மற்றது லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸின் ஃப்ளோ, 2024. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் இரண்டுக்கும் உண்டு. கோகோ 105 நிமிடம், ஃப்ளோ 85 நிமிடம். படத்தின் அழகைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, இரண்டும் கண்ணுக்கு விருந்துதான். இரண்டையும் போட்டுப் பார்த்தபிறகு என் கட்சி ஃப்ளோ.

கோகோவை முதலில் சொல்லிவிடுகிறேன். செருப்புத் தைக்கும் குடும்பம், வீட்டில் பாட்டுக்குத் தடை, பாடத் துடிக்கும் மிகேல் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். மெக்சிகோவில் இறந்தவர்களை நினைக்கும் நாளில் அவன் அவர்களின் உலகத்துக்குள் போய்விடுகிறான். படம் வைத்து, பூப் போட்டு, பிடித்த சாப்பாட்டைப் படைத்து மூத்தவர்களை அழைப்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. அந்தப் படையல் மேசையைக் கண்டதும் அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுகளுக்கும் மொழி வேண்டியிருக்கவில்லை. முடிவில் அந்தக் கொள்ளுப்பாட்டி வரும் இடத்தில் அழாமல் இருந்தது என் மச்சான் மட்டும்தான், அவர் நித்திரை.

ஆனால் கோகோவின் கதை முடிச்சு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு, யார் பொய் சொல்கிறார், இறந்தவர்களின் உலகத்தில் இருந்து திரும்ப என்ன நிபந்தனை, எல்லாமே வாயால் சொல்லப்படுபவை. எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. சப்டைட்டில் எந்த மொழியில் போட்டாலும் பாதிப்பேருக்குப் பிரயோசனம் இல்லை. ஆகவே ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும், அது நான். "என்னவாம் மனே?" என்று அம்மம்மா கேட்க, நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பகிடி போய்விடும். பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து சத்தம் கேட்ட பிறகு நம் டிவியில் பந்து போடுவது போல, சின்னவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அம்மம்மா சிரித்தார். நான் கதைத்தால் தங்கச்சியின் பிள்ளைகள் "உஷ்" என்பார்கள். நான் நிறுத்தினால் அம்மம்மா வெற்றிலைத் தட்டைத் தேடுவார். டப்பிங் பிரதி கிடைத்தாலும் ஒரு பக்கம்தான் தீரும்: தமிழ் போட்டால் சுவிஸ் பிள்ளைகள் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டார்கள், டொச் போட்டால் மற்ற எல்லோரும் வெளியே.

ஃப்ளோவில் வசனமே இல்லை. ஒரு சொல் கூட இல்லை. மனிதர்களும் இல்லை. தண்ணீர் ஏறுகிறது, ஒரு பூனை பாய்க்கப்பல் ஒன்றில் தொற்றிக்கொள்கிறது, பிறகு கப்பிபாரா என்ற பெரிய எலியினப் பிராணி, நாய், மினுங்கும் சாமான் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் குரங்கு மாதிரியான ஒரு லெமூர், நெடுங்கால் பறவை ஒன்று. குரல்கள் எல்லாம் உண்மையான மிருகங்களின் ஒலிப்பதிவு. கப்பிபாராவுக்கு ஒட்டகக் குட்டியின் குரல். மிருகங்கள் பெரும்பாலும் மனிதர்போல் நடந்துகொள்வதும் இல்லை. பூனை பூனையாகவே முறைக்கிறது, நாய் நாயாகவே வழிகிறது. ஆகவே நாலு வயதும் எண்பது வயதும் ஒரே நொடியில் சிரிக்கின்றன.

நான் எதிர்பார்க்காத இன்னொரு லாபம்: பேச்சில்லாத படத்தின் மேல் நாம் பேசலாம். தண்ணீர் மரத்தைத் தொட்டதும் அம்மம்மா, "முகத்துவாரத்த இன்னும் வெட்டல்லையா மனே?" என்று கேட்டார். மழை வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் வாயில் மணலை வெட்டிவிடுவதைத்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தை அடித்த 1978 சூறாவளிக் கதை வந்தது, கூரை போன கதை, தென்னைகள் சாய்ந்த கதை. சுவிஸ் பிள்ளைகள் ஒரு கண்ணைப் பூனையிலும் ஒரு காதை அம்மம்மாவிலும் வைத்திருந்தார்கள். ஒருவரும் "உஷ்" சொல்லவில்லை. கோகோவில் இது நடக்கவே நடக்காது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஃப்ளோ பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த படம். கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகளோ, வீட்டில் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளோ அதே மென்பொருளை இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம். படம் தேர்வதற்கு இது காரணம் ஆகாது, சரி.

குறைகளும் உண்டு. நடுப்பகுதி மெதுவானது, அடிதடி, ஓட்டம் என்று பழகிய பிள்ளை எழுந்து போய் பிஸ்கட் தேடும். முடிவுக்குக் கிட்ட அந்தப் பறவைக்கு என்ன நடக்கிறது என்று படம் சொல்வதில்லை. "அது எங்க போச்சு?" என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில். எனக்கு அது பிடித்தது, என் மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தொடக்கத்திலேயே மான்கூட்டம் பயந்து ஓடிவரும், பின்னால் பெரும் வெள்ளம் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் கண்டவர்கள் நம் கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அந்த இடத்தில் என் மாமி எழுந்து குசினிக்குப் போய்விட்டார், பிறகுதான் வந்து உட்கார்ந்தார். கல்லடி, நாவலடிப் பக்கத்து வீடுகளில் போடுவதென்றால் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஃப்ளோ வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்று வயதுக்கும் கீழே எப்படி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, எங்கள் கூட்டத்தில் அந்த வயதில் யாரும் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படம் டோட்டோரோ, 1988, 86 நிமிடம். ஒரு தரம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பேச்சு உண்டு, ஆனால் மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கோகோவை நான் ஆடி அமாவாசைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சுவிஸில் பள்ளிக்கூட லீவும் அந்தப் பக்கம்தான் வரும். பிள்ளைகள் வந்தால் காலையில் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போய், தகப்பனை இழந்தவர்கள் தீர்த்தம் ஆடுவதைக் காட்டிவிட்டு இரவு படத்தைப் போடலாம். இறந்தவர்களின் உலகம் பற்றிய பாதி விளக்கம் அதோடு மிச்சம். யார் யாருக்கு என்ன உறவு என்பதை மட்டும் நான் சொன்னால் போதும்.