ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தேன்

மகள் ஐந்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற பக்கம். ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருக்கிறது. அதற்குமேல் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும். எட்டு வரை பணம் கட்டித் தனியாரில் படிக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பாதிப் பேருக்கு இது தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எட்டும் தூரத்தில் மூன்று பள்ளிகள். பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, சைக்கிளில் போகலாம். நாலு கிலோமீட்டரில் அரசு உயர்நிலைப் பள்ளி. பதினோரு கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் டவுனில் மேல்நிலைப் பள்ளி. மூன்றுக்கும் வேலை நாளில் போனேன், லீவு நாளில் போனால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும்.

டவுன் பள்ளியில் எல்லாம் இருக்கிறது. ஹைடெக் லேப், பெரிய மைதானம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி ஆசிரியர், பன்னிரண்டு வரை இடம் மாற வேண்டாம். ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவிலேயே ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் நல்லவர்தான், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணிடம் தமிழ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஊருக்குள் வெல்லம் புகுந்தது' என்று எழுதியிருக்கிறாள், பக்கத்திலேயே பெரிதாகச் சிவப்பு மையில் டிக். அடுத்த பக்கத்திலும் டிக், அதற்கடுத்த பக்கத்திலும் டிக். அத்தனை நோட்டுகளை ஓர் ஆள் எப்படித்தான் படித்துத் திருத்துவார்? ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் இனி எப்போதும் வெள்ளத்தை வெல்லம் என்றுதான் எழுதுவாள்.

உயர்நிலைப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதுக் கட்டடம், சுத்தமான வளாகம். கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகிறது, அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை அங்கே விட எனக்குத் தைரியம் வரவில்லை.

நடுநிலைப் பள்ளிக்கு மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் போனேன். பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று, பக்கத்தில் ஒரு காங்கிரீட் கட்டடம். ஆறாம் வகுப்பில் மொத்தமே பதினேழு பேர். எச்.எம். டீச்சர் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு கட்டு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்களே பாருங்கம்மா" என்றார். தப்பான ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு, ஓரத்தில் சரியான சொல், அதற்குக் கீழே பிள்ளையின் கையெழுத்தில் அதே சொல் மூன்று முறை. ஒரு பையனின் நோட்டில் மூன்றாவது முறையும் தப்பாக இருந்தது, அதற்கும் ஒரு கோடு. அங்கேயே என் மனசு பாதி முடிவு செய்துவிட்டது.

அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பயிற்சி நடக்கிறது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கே வரும். எங்களை மாதிரிக் குடும்பத்தில் இது சின்னத் தொகை இல்லை. பயிற்சி கொடுக்கிற சார் அதற்காகவே வாராவாரம் பெரம்பலூரிலிருந்து வருகிறார்.

குறையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பெண்கள் கழிப்பறை மூன்றில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள். தொட்டியில் தண்ணீர் இருந்தது, குழாயில் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சில பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று சத்துணவு சமைக்கிற அக்கா மெதுவாகச் சொன்னார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசினால் இது தெரியாது.

இன்னொன்று காலை உணவு. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்க வகுப்புகளுக்கெல்லாம் காலையிலேயே சாப்பாடு போடுகிறார்கள், ஆனால் ஐந்தாம் வகுப்போடு சரி. நான் போனபோது சின்னப் பிள்ளைகள் தட்டில் பொங்கலும் சாம்பாரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தூணில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் காட்டு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். போன வருடம் வரை அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு இந்த வருடம் மட்டும் பசிக்காதா? எட்டாம் வகுப்பு வரை இதை நீட்டித்தே ஆக வேண்டும்.

மகளை நடுநிலைப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன். மூன்று வருடம் அங்கே எழுத்தும் கணக்கும் உறுதியாகட்டும், ஒன்பதாம் வகுப்புக்கு டவுனுக்குப் போகட்டும். டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ் நகல், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற பதிவு எண்) கொண்டுபோனேன், அரை மணி நேரத்தில் சேர்க்கை முடிந்தது. ஒரு ரூபாய் கேட்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் என்று எச்.எம். டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாள் வாங்கிப் பையில் வைத்தாயிற்று, குழாயைப் பற்றித்தான் அங்கே பேச வேண்டும்.