தம்கா பொறித்த நகல் ஜாடி: வடிவம் சரி, குறி தவறு

உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் நினைவுப்பொருளாக விற்கும் இந்த மண்ஜாடியின் வடிவம் கச்சிதம், குறிதான் சொதப்பல். தம்கா என்பது மத்திய ஆசிய நாடோடிகளின் குலச் சின்னம். கால்நடைக்குச் சூடு போட்டதும் இதே குறியால்தான். இதில் ஜாடியைச் சூளையில் சுட்டபிறகே குறியைக் கீறியிருக்கிறார்கள். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும்: ஈரமண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இருபுறமும் மண் வரப்புபோல் எழுந்து அப்படியே இறுகியிருக்கும், சுட்டபின் கீறினால் ஓரம் பொடிந்து, மேற்பூச்சு பெயர்ந்து உள்நிறம் எட்டிப் பார்க்கும். பழைய பானைகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால் அதை மன்னிக்கலாம். ஆனால் மத்திய ஆசியாவையும் வட இந்தியாவையும் பண்டைக் காலத்தில் ஆண்ட குஷான் வம்சத்து மன்னர் விமா கட்பிசஸின் நாணயத்தில் உள்ள நான்கு முனைச் தம்காவில் ஒரு முனையை விழுங்கித் திரிசூலமாக்கியது அக்கிரமம். அடியில் நீர் கசிகிறது. அலமாரிக்கு மட்டுமே ஆகும்.