காஸ்ட் அயர்ன் இன்ஜினை டோனரா எடுத்து அஞ்சு வருஷம், 21,000 கிலோமீட்டர்

1994 மாடல் புல்லட், பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா கனெக்டிங் ராடு உடைஞ்சு கிராங்க்கேஸையே பொத்துகிட்டு வெளிய வந்திருந்துச்சு. அந்த நிலமைலதான் எங்கிட்ட வந்தது. ஒத்த சீட்டு, குட்டை மட்கார்டு வச்சு பாபர் மாதிரி கட்டணும்னு ஆசை, எந்த வண்டில இருந்து இன்ஜின் எடுத்து போடறதுன்னு (அந்த வண்டியத்தான் டோனர்னு சொல்றது) முடிவு பண்ணவே ஆறு மாசம் ஆச்சு.

மொத மனசு போனது கேடிஎம் டியூக் 390 மேல. அப்ப இருந்த மாடல் 373 சிசி, 43 ஹெச்பி, யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா அது தனியா ஓடாதுங்க, ரேடியேட்டர், ஈசியுங்கற கம்ப்யூட்டர், சென்சார், பெட்ரோல் பம்ப்பு, மொத்த வயரிங்னு ஒரு குடும்பமே கூட வரணும். அடுத்து யூசிஇ, ராயல் என்ஃபீல்டோட யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின். 2009ல கிளாசிக் 350ல வந்துச்சே அதேதான், அதுவும் என் புல்லட் மாதிரியே 346 சிசி, 70க்கு 90 மில்லிமீட்டர் போர் ஸ்ட்ரோக் (சிலிண்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), டாப்பெட் செட் பண்ற வேலையே, அதாவது வால்வு கேப் பாக்கற வேலையே கிடையாது, ஹைட்ராலிக். உண்மையிலேயே நல்ல இன்ஜின். ஆனா இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸு, பழைய ஃப்ரேம்ல உக்காராது, வெட்டி வெல்டிங் வைக்கணும். புல்லட்ல இன்ஜினுக்கு அடியில தொட்டில் மாதிரி பைப்பே கிடையாது, இன்ஜினும் சேர்ந்துதான் ஃப்ரேமைத் தாங்குது, அந்த இடத்துல வெல்டிங் மிஷினைக் கொண்டு போக எனக்கு மனசு வரல.

சட்டமும் இருக்கு. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து ஆர்சி மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு. அதனால அதே மாடல் புல்லட்டோட காஸ்ட் அயர்ன் இன்ஜின்தான் (பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் வச்சது), அதையும் ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு, புது இன்ஜின் நம்பரை ஆர்சில ஏத்திட்டுத்தான் ரோட்டுக்கே எடுத்தேன்.

இங்கதான் முக்கியமான விஷயம். தனி இன்ஜின் வாங்காதீங்க, முழு வண்டியா வாங்குங்க. ஒரு காயலான் கடைல பாதி விலைக்கு ஒண்ணு குடுத்தாங்க, சிலிண்டருக்குக் கீழ நம்பர் இருக்கற இடத்தை டார்ச் அடிச்சுப் பாத்தா கிரைண்டர் தேச்ச கோடு. அப்படியே திரும்பி வந்துட்டேன். அப்புறம் ஒரு பெரியவர் வீட்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்த வண்டி கிடைச்சுது, ஆர்சி அவர் பேர்லயே இருந்துச்சு. ஓடற நிலைமைல இருந்ததால கிக் அடிச்சு, சூடு ஏறுற வரைக்கும் ஓட விட்டு கேட்டேன், மேல வால்வை அழுத்தற ராக்கருக்குப் போற ஆயில் பைப் போல்ட்டை லேசா லூஸ் பண்ணி ஆயில் கசியுதான்னு பாத்தேன், வடிச்ச ஆயிலை வெள்ளைத் துணில ஊத்தி இரும்புத்தூள் இருக்கான்னு தேடினேன். பிளக்கைக் கழட்டி ஓட்டை வழியா பிஸ்டனை அழுத்தினா ராடு மேல கீழ ஆட்டம் இருந்தா கைக்குத் தெரியும், அது இல்ல. அவர்கிட்ட எத்தனாவது போர்னு, அதாவது சிலிண்டரை எத்தனை தடவை கடைஞ்சு பெரிசாக்கியிருக்குன்னு கேட்டேன், 20 தௌ (ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) ஒருதடவை அடிச்சதா சொன்னார், அப்ப 40, 60 இன்னும் பாக்கி இருக்கு, அது பெரிய நிம்மதி.

கஷ்டமும் பட்டேன். 40 தௌ போர் அடிச்ச லேத்துல பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கிளியரன்ஸை ரொம்ப டைட்டா விட்டுட்டாங்க, 300 கிலோமீட்டர் கூட ஆகல, நாமக்கல் பைபாஸ்ல 60ல போறப்ப சத்தமே இல்லாம இழுவை கொறஞ்சு, பிஸ்டன் புடிச்சுகிட்டு பின் வீல் லாக் ஆச்சு. கிளட்ச் புடிச்சதால விழாம தப்பிச்சேன். அதுல இருந்து போர் அடிச்சு வந்ததும் பிஸ்டனை உள்ள விட்டு ஃபீலர் கேஜ் (கேப் அளக்கற மெல்லிசு தகடு) வச்சு நானே பாக்காம எதையும் மாட்டறதில்ல.

அதுக்கப்புறம் இந்த இன்ஜின் என்னைக் கைவிடல. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் நாலு தடவை ஏறிட்டேன், ரெண்டாவது கியர்ல விட்டுட்டா அது பாட்டுக்கு இழுக்கும், அந்த நீள ஸ்ட்ரோக்கோட குணமே அதுதான். 70, 75க்கு மேல முறுக்கினா அதிர்வு கைக்கு ஏறும், அதுக்கு மேல கேக்கவும் கூடாது. மைலேஜ் 32ல இருந்து 35. பிளக்குக்கு நெருப்பு குடுக்கற பிளாட்டினம் பாயிண்டை 3,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா தேச்சு கேப் பாக்கணும், டாப்பெட்டை இன்ஜின் ஆறினப்ப புஷ்ராடு விரல்ல சுத்தற அளவுக்கு, ஆனா மேல கீழ ஆடாம வைக்கணும். ஒரு மாசம் நிறுத்திட்டா ஆயில் கிராங்க்கேஸுக்குள்ள இறங்கிடும், எடுத்ததும் பிரீதர்ல, அதாவது இன்ஜின் காத்து வெளிய போற குழாய்ல, புகையும் ஆயிலுமா கக்கும், பயப்பட வேணாம், ரெண்டு நிமிஷம் மெதுவா ஓட விட்டா சரியாயிடும்.

இந்த வேலை எதுக்குமே லேப்டாப் வேணாம், ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும். ஸ்பேருக்கு எங்க ஊர்லயே கிடைக்கும், இல்லன்னா சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை. டோனர் வண்டில இருந்து கழட்டின கியர்பாக்ஸ், கிளட்ச், கார்ப்பரேட்டர் எல்லாம் கிரீஸ் தடவி சாக்குல கட்டி பரண் மேல வச்சிருக்கேன். போன மழைக்கு கிளட்ச் நழுவ ஆரம்பிச்சுது, பிளேட்டை அதுல இருந்துதான் எடுத்து மாத்தினேன்.