கதை அட்டைப் பெட்டி: படம் பிரமாதம், முதுகில்தான் கோளாறு

ஜப்பானில் 1930-களில் மிட்டாய்க்காரர்கள் சைக்கிளில் மரச்சட்டத்தைக் கட்டி, பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். கமிஷிபாய் என்று பெயர். அந்தப் பாணியில் மூன்று தேவதைக் கதைகளோடு வந்திருக்கும் தமிழ்ப் பெட்டி இது. காரைக்குடியில் பள்ளிச் சாமான் கடையில் கிடைக்கிறது. கதைக்கு 12 அட்டை. ஆட்களைப் பெரிதாக, பின்னணியை வெறுமையாக வரைந்திருப்பதால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் ஓநாயின் பல் தெரிகிறது.

கோளாறு அட்டையின் முதுகில். முதல் படத்துக்கான வசனம் 12-ஆம் அட்டையின் பின்னால் இருக்க வேண்டும். இரண்டாம் படத்தின் வசனம் முதல் அட்டையின் பின்னால். முன் அட்டையை உருவிக் கடைசியில் செருகும்போது, சொல்பவர் கண்முன் அடுத்த வசனம் தானாக வந்து நிற்கும். இதிலோ அந்தந்தப் படத்தின் வசனம் அதனதன் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது. கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வசனங்களை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி ஓர் அட்டை தள்ளி ஒட்டிவிடுங்கள். அப்படியே மேல் மூலையில் எண்ணும் போடுங்கள்.

எழுதும்போது வசனத்தையும் மாற்றிவிடலாம், அது சர்க்கார் சுற்றறிக்கை நடையில் இருக்கிறது. சிவப்புக் குல்லாய்க் கதையில் பாட்டி வேடம் போட்ட ஓநாயிடம் சிறுமி கேட்கும் காது, கண், கை, வாய்க் கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும்: “அப்பத்தா, ஒங்க காது ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு?” வாய்க்கு வரும்போது அட்டையைப் பாதி உருவி நிறுத்துங்கள். ஓநாயின் காது மட்டும் தெரியும், கூடம் கப்சிப்பென்று ஆகிவிடும். விருட்டென்று உருவினால் அந்த இடமே வீண்.

இந்தக் கதையின் முடிவு சரியில்லை. 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியதில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிந்துவிடும். 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து மீட்கிறார், ஓநாய் சாகிறது. இந்தப் பெட்டியில் ஓநாய் ஓடிப்போகிறது, அவ்வளவுதான். பயமுறுத்தக் கூடாதென்று மாற்றியிருப்பார்கள். ஆனால் உயிரோடு தப்பிய ஓநாய் ராத்திரி திரும்பி வருமா என்று நாலு வயதுப் பிள்ளை கேட்கத்தான் செய்யும். கிரிம் முடிவையே வாயால் சொல்லிவிடுங்கள்.

லேமினேஷன் பளபளப்பு, நடுவில் முற்றம் வைத்த நம் செட்டிநாட்டு வளவுகளுக்கு ஒத்துவராது. முற்றத்து வெயில் நேரே பட்டால் படம் கண்ணாடியாகக் கூசும். சட்டத்துக்குப் பின்னால் முற்றம் இருந்தால் படம் இருண்டுவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் வையுங்கள். சட்டத்தின் காலில் ரப்பர் கிடையாது. வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் வைத்து அட்டையை இழுத்தால் சட்டமும் சேர்ந்து வழுக்கும். அடியில் மடித்த துண்டு போதும்.

கதை முடிந்ததும் அட்டைகளைக் கலைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஐந்து வயதுக்கு நான்கு அட்டை போதும், எட்டு வயதுக்குப் பன்னிரண்டும். அட்டை தொலைந்தால் உதிரியாகத் தருவதில்லை; வாங்கிய அன்றே இருபுறமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.