ஃபார்முலா பொசிஷன் ரிக்: இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்ததில்

வீட்டில் கார் பந்தய கேம் ஓட்ட சீட், ஸ்டியரிங், பெடல்களை மாட்டி வைக்கும் சட்டம்தான் ரிக். அதில் ஃபார்முலா 1 (எஃப்1) ஓட்டுநர் போல முதுகைச் சாய்த்து, காலை உயர்த்தி உட்காருவது ஃபார்முலா பொசிஷன். அது என்றதும் எல்லாரும் முதுகைச் சாய்ப்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டின் பின்னறையில் இந்த ரிக்கை வைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். சாய்வைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். சீட்டின் அடிப்பாகம் முன்பக்கம் எவ்வளவு தூக்கி நிற்கிறது, தொடை முழுக்க அதில் படிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

முதுகு மட்டும் தனியாகச் சாயும் சீட்டில் அடிப்பாகம் தட்டையாகவே இருக்கும். சாய்ந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கும், நடு முதுகு வளையும், ஒரு மணி நேரத்தில் வலி ஆரம்பித்துவிடும். நான் வைத்திருப்பது ஒரே வார்ப்பான ஃபைபர் கிளாஸ் பக்கெட் சீட். பக்கவாட்டுப் பிராக்கெட்டில் முன்பக்கத்து போல்ட்டை மேல் துளையிலும் பின்பக்கத்து போல்ட்டைக் கீழ்த் துளையிலும் மாட்டினால் மொத்த சீட்டும் பின்னோக்கிச் சரியும். முதுகோடு தொடையும் சேர்ந்து உயரும், உட்காரும் குழியில் இடுப்பு பதிந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஆள் நகர்வதில்லை.

என் உயரம் 175 செ.மீ. சீட்டின் தாழ்ந்த இடத்தைவிடக் குதிகால் சுமார் 10 செ.மீ. மேலே இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் எனக்குக் கால் மரத்துப்போகிறது. சீட்டின் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தினாலும் இதே தொல்லைதான். தொடைக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் வெட்டிய ஃபோம் ஒன்றை வைத்ததும் அது போய்விட்டது. இந்த ரிக்கிலேயே மலிவான பொருளும் அதிகம் உதவிய பொருளும் அந்த ஃபோம் துண்டுதான்.

பெடல் விஷயத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். குதிகாலை உயர்த்தும்போது பெடல் பலகையையும் அதே அளவுக்குச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதம் எந்நேரமும் முன்னோக்கி நீட்டியபடியே இருக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, பிரேக்கை முழுசாக அழுத்தும்போதும் முழங்காலில் மடிப்பு இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் தொடையின் பின்தசை இழுக்கும், இடுப்பு சுருளும், வலி முதுகுக்கு ஏறும். லோட் செல் பிரேக் அளப்பது பெடல் நகரும் தூரத்தை அல்ல, நாம் கொடுக்கும் விசையை. கால் உயர்ந்திருக்கும்போது அந்த விசை சீட்டின் கீழ்முதுகுப் பகுதிக்கு நேராகப் போய்ச் சேருவதால் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பதைவிடச் சுலபம். அசல் எஃப்1 காரில் 100 கிலோவுக்கும் மேல் அழுத்துகிறார்கள். நமக்கு எதற்கு அந்த வீரம்? நான் உச்சத்தை 45 கிலோவில் வைத்திருக்கிறேன், நீண்ட பந்தயத்தின் கடைசிச் சுற்றிலும் கால் ஒரே மாதிரி வேலை செய்கிறது.

ஸ்டியரிங் நெஞ்சுக்கு நேராக, முழங்கை நன்றாக மடங்கும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும். ரொம்பத் தாழ்த்தினால் தொடையில் இடிக்கும், உயர்த்தினால் தோள் வலிக்கும், திரையும் மறையும். கழுத்துக்குத் தலையணை கட்டாயம் வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, திரையைப் பார்க்கத் தலை மட்டும் முன்னால் தொங்கினால் பின்கழுத்து என்னாவது? அசல் காரில் ஓட்டுநரின் உடம்புக்கேற்ப ஃபோம் ஊற்றி சீட் வார்க்கிறார்கள். நமக்குத் துண்டு துண்டாக ஒட்டுவதுதான் வழி.

இவ்வளவு உயரத்தில் கால் வைப்பது எல்லாக் காலத்துக் காருக்கும் பொருந்தாது. காரின் முன்மூக்கு உயர்ந்த வடிவம் 1990-இல் வந்த டைரல் 019 என்ற எஃப்1 காருக்குப் பிறகுதான் பரவியது. தென்னாப்பிரிக்க ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் 1975-இல் இங்குள்ள கயலாமி பந்தயத் தடத்தில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஜெயித்தபோது கால் இவ்வளவு மேலே இருந்ததில்லை. ஆட்டோமொபிலிஸ்டா 2 என்ற கார் பந்தய கேமில் பழைய கயலாமியை அந்தக் காலத்துக் கார்களில் ஓட்டும்போது பெடல்களை இரண்டு துளை இறக்கிக்கொள்வேன். காருக்கும் பொருத்தம், காலுக்கும் ஓய்வு.

குறைகளும் உண்டு. பிப்ரவரிப் புழுக்கத்தில் இந்த சீட்டில் முதுகு நனைந்துவிடும், பக்கத்தில் ஒரு காற்றாடி இல்லாமல் முடியாது. கடற்காற்றில் சாதாரணக் கறுப்பு போல்ட்டுகள் துருப்பிடித்து, பெடல் ஸ்லைடர் நகர மறுத்தது. இப்போது எல்லாமே துருப்பிடிக்காத எஃகு. ரிக்கின் சட்டமான அலுமினிய ப்ரொஃபைல் மூட்டுகளில் கிரீச் சத்தம் கேட்டால் ஆலன் கீயை எடுத்து இறுக்க வேண்டியதுதான். ஏறுவதும் இறங்குவதும் தனி வித்தை: கையை ரிக்கில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒவ்வொரு காலாக வெளியே எடுக்க வேண்டும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கும்மிருட்டில் இதைச் செய்ததுண்டு. அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு, "எழுந்திரிக்கவே முடியலை, இதுல ஏன்டா போய்ப் படுக்கிறே?" என்பார்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, சுவரில் சாய்ந்து, தொடைக்கு அடியில் தலையணையும் குதிகாலுக்கு அடியில் ஒரு பெட்டியும் வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கால் மரத்தால் பெட்டியைத் தாழ்த்திப் பாருங்கள். அப்படியும் மரத்தால், சாதாரண காரில் போலக் காலைத் தாழ்த்தி நிமிர்ந்து உட்காரும் ஜிடி பொசிஷனே போதும், சீட்டுக்குக் கொடுக்கும் காசில் நல்ல பிரேக் பெடலாக வாங்கலாம்.